எண்பத்திரண்டு: பச்சையா, சுட்டதா?

கீழ்நெல்லி துணை சுகாதார நிலையம்,
கல்வராயன்மலை.
செப்டம்பர் 12

மாமா,

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவையாவது படித்துவிடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா? அதனால் எழுதுகிறேன். எப்படியும் இங்கே குவார்ட்டர்ஸில் டவர் கிடையாது. மேலே வளைவு வரைக்கும் ஏறிப் போய் நின்றுகொண்டு உங்களிடம் திட்டு வாங்க எனக்குத் தெம்பில்லை. மினி பஸ் ஓட்டும் மணி அண்ணன் இதைக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் விருத்தாசலம் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார். பதிலையும் அதே வழியில் அனுப்புங்கள்.

கருவேப்பிலங்குறிச்சியில் செவிலியர் இடம் காலி, மாற்றல் எழுதிக் கொடு என்றீர்கள். மாட்டேன் என்றேன். போனை வைத்தீர்கள். இதில் நான் எங்கே உங்களை மதிக்காமல் போனேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை.

நான் மாட்டேன் என்றதற்குக் காரணம் துர்கா. மேல்நெல்லியில் இருக்கிறாள், இது இரண்டாவது பிரசவம். பிபி ஏறிக்கொண்டே போகிறது, கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. ஐப்பசி முதல் வாரம் தேதி. அவள் புருஷன் கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறான். முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் வந்து படு என்றால் கேட்க மாட்டேன் என்கிறாள். ஆஸ்பத்திரி என்றாலே பயம். கடைசியில் போன வாரம் இப்படிச் சொன்னாள்: “நீ வந்து கூப்புடு நர்சம்மா, வரேன். வேற யாரு வந்து கூப்புட்டாலும் வரமாட்டேன்.”

மேல்நெல்லிக்குப் போகிற பாதை உங்களுக்கு நினைவிருக்கும். நடுவில் ஓடை, ஓடைக்குக் குறுக்கே ஒரு சாண் உயரத்துக்குத் துருத்திக்கொண்டு நிற்கிற பாறை. அந்தப் பக்கம் கரையில் செங்குத்தான மண் ஏற்றம். ஸ்கூட்டி அந்த ஓடை வரைக்கும்கூடப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை சறுக்கி விழுந்தேன். முட்டியில் சிராய்ப்புதான், தடுப்பூசிப் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நடந்து போனால் போக ஒன்றரை மணி நேரம். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை.

எனக்கு மண்பாதையில் ஓடுகிற எடை குறைந்த பைக் ஒன்று வேண்டும். வனக்காவலர் ஒருவர் அப்படி ஒன்று வைத்திருக்கிறார், ஆடு மாதிரி ஏறுகிறது. அதில் உட்கார்ந்து பார்த்து அளந்தேன். இருக்கை உயரம் 82 சென்டிமீட்டர். எனக்கு அது சரியாக இருந்தது. உங்களுக்குத்தான் அளவு என்றால் உயிராயிற்றே, பெரிதாகவே எழுதிவிடுகிறேன்: 82.

கியர் வண்டி ஓட்ட வருமா என்று கேட்காதீர்கள். மணிமுத்தாற்று மணலில் உங்கள் வண்டியைக் கொடுத்து, பின்னால் ஓடிவந்து கற்றுக்கொடுத்தது யார்?

சங்கரி

*

விருத்தாசலம்,
செப்டம்பர் 17

சங்கரிக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். முட்டியில் சிராய்ப்பு என்ற இடத்தை மட்டும் இன்னும் சில தடவை படித்தேன். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டாயா? ஊருக்கெல்லாம் போடுகிறாய், உனக்கு யார் போடுவது?

உனக்கு நான் சொல்லும் பதில் பழைய பதில்தான். கருவேப்பிலங்குறிச்சி வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். சமதளம். அங்கேயும் பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள்.

ஆனாலும் விசாரித்தேன். பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிற கலியமூர்த்தி என்பவரிடம் நீ சொன்ன மாதிரி ஒரு வண்டி ஷெட்டில் நிற்கிறது. ஆசையாய் வாங்கினாராம். அப்புறம் ஏன் சார் ஓட்டவில்லை என்று கேட்டேன். முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் வண்டியின் பெருமையைச் சொல்லச் சொல்ல எனக்குப் பயம்தான் ஏறியது. எஞ்சின் இருநூற்று முப்பது சிசி. “என்னாங்க, நம்ம சைஸுக்கு இது பத்தாதா, பதினெட்டு குதிரை சக்தி இருக்குதுங்க” என்கிறார். என் பொண்டாட்டி கையில் பதினெட்டுக் குதிரையைக் கொடுக்க வேண்டுமாம். முன்சக்கரம் இருபத்தொரு அங்குலம், கல் குழி எல்லாம் ஏறி இறங்குமாம். அதாவது கல்லும் குழியுமாகத்தான் நீ போகப் போகிறாய். ஸ்பிரிங் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடவே அமுங்கி எழுமாம். அவ்வளவு ஏன் அமுங்க வேண்டும்? எதிலிருந்து குதிக்கப் போகிறாய்? பெட்ரோல் டேங்க் ஏழரை லிட்டர். ஏழரை என்ற எண்ணே எனக்கு ஆகாது. எடை நூற்றுப் பதினெட்டு கிலோதான், பைக்கில் இது லேசு என்கிறார். உன் எடை ஐம்பத்தொன்று.

எல்லாவற்றுக்கும் மேல், இருக்கை உயரம் 88. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், என் இடுப்புக்கு வருகிறது. நீ ஏறினால் உன் கால் அந்தரத்தில் தொங்கும். நீ கேட்ட 82க்கு இறக்க வேண்டும்.

அளவு என்றால் உயிர் என்று கிண்டல் செய்கிறாய். இந்த வாரம்தான் எங்கள் செராமிக் கம்பெனி அச்சுப் பிரிவில் ஒரு கூத்து. புதிதாகச் சேர்ந்தவன் ஒருவன் அளவுக்குப் பக்கத்தில் குறி போடாமல் விட்டுவிட்டான். மண்ணில் செய்தது சூளையில் சுட்டால் நூற்றுக்குப் பதினொன்று சுருங்கும் என்பது டீக்கடை சுப்பிரமணியனுக்குக்கூடத் தெரியும். அதற்குத்தானே சுடுவதற்கு முன்னால் உள்ள அளவுக்கு ‘ப’, சுட்ட பிறகு உள்ள அளவுக்கு ‘சு’ என்று போடுகிறோம்? குறி இல்லாத எண்ணைப் பச்சை அளவு என்றுதான் எடுத்துக்கொள்வோம். அவன் எழுதியதோ சுட்ட அளவு. ஒரு சூளை வண்டி நிறைய ஃபியூஸ் கட்டைகள், எல்லாம் சின்னதாகப் போய்விட்டன. உடைத்துக் குழியில் கொட்டினார்கள்.

வண்டியை இன்னும் எடுக்கவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சேரன்

*

கீழ்நெல்லி,
செப்டம்பர் 24

மாமா,

டெட்டனஸ் போட்டுக்கொண்டேன். நானே போட்டுக்கொண்டேன், இடது தொடையில்.

நீங்கள் பயந்த ஒவ்வொன்றும் எனக்கு வேண்டியதாக இருக்கிறது, என்ன செய்ய? அந்தப் பதினெட்டுக் குதிரையில் பாதிகூட நான் எழுப்பப் போவதில்லை. ஓடைக் கரை ஏற்றத்தில் முதல் கியரில் திணறாமல் ஏறினால் போதும். பெரிய முன்சக்கரம் கல்லை முட்டி நிற்காமல் மேலே ஏறிவிடும். ஸ்கூட்டிச் சக்கரம் ஒரு கருங்கல் ஜல்லிக்கே திரும்பிக்கொள்கிறது. ஸ்பிரிங் அமுங்கினால் தடுப்பூசிக் குப்பிகள் உடையாது, என் இடுப்பும் உடையாது. எடைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். விழுவேன் மாமா. விழமாட்டேன் என்று உங்களுக்குச் சத்தியம் செய்து தர மாட்டேன். விழுந்த பிறகு ஆள் தேடாமல் நானே தூக்கி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். வனக்காவலர் வண்டியைப் படுக்க வைத்துவிட்டு, முதுகை அதற்குக் கொடுத்துக் குந்தி, காலால் எழுந்து தூக்கிப் பார்த்தேன். எழுந்துவிட்டது.

துர்காவுக்கு இந்த வாரம் நூற்றைம்பதுக்குத் தொண்ணூற்றெட்டு. மாத்திரை கொடுத்திருக்கிறேன். விழுங்குகிறாளா, கூரையில் செருகி வைக்கிறாளா தெரியவில்லை. நேற்று நடந்து போய்த் திரும்பும்போது இருட்டிவிட்டது. நான் போகிற ஒவ்வொரு தடவையும் வாசலில் வந்து நின்று வழியைப் பார்க்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அது எனக்குப் பெரிய பாரமாக இருக்கிறது. ஒரு நாள் அவள் பார்க்கும்போது நான் வராமல் போனால்?

இன்னும் யோசிக்காதீர்கள். வண்டியை எடுத்து அனுப்புங்கள். மலைக்கு மரவள்ளி ஏற்ற வருகிற லாரிகள் காலியாகத்தான் ஏறுகின்றன.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது, கொஞ்சம்.

சங்கரி

*

விருத்தாசலம்,
அக்டோபர் 5

சங்கரிக்கு,

வண்டி வருகிறது. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லாரியிலேயே கயிறு கட்டி நிற்கிறது. டிரைவரிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன், வளைவில் மெதுவாகத் திரும்பச் சொல்லி.

நம் தங்கதுரை பட்டறையில் விட்டு எல்லாம் செய்தேன். செயின் புதிது, பிரேக் கட்டை புதிது. நீ கேட்ட 82க்கு வண்டியையே இறக்கியாயிற்று. பின்னால் சக்கரத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் லிங்க் என்று ஓர் இரும்புத் துண்டு இருக்கிறது, அதைக் கழற்றிவிட்டு நீளமானது ஒன்று போட்டோம். முன்பக்கம் ஃபோர்க்கைக் கிளாம்ப்பில் மேலே ஏற்றிப் பிடித்தோம். சொல்லிவைத்த மாதிரி ஆறு சென்டிமீட்டர் இறங்கியது. டேப் பிடித்து நான்தான் அளந்தேன்.

தங்கதுரை முதலில் முரண்டு பிடித்தான். “அண்ணே, வண்டிய எறக்காத. வேணும்னா சீட்டு ஸ்பாஞ்ச கொஞ்சம் வெட்டிக்கலாம். அண்ணிய ஒருவாட்டி ஒக்கார வச்சிப் பாத்துட்டு அப்பறமா செய்யலாமே” என்றான். அண்ணி மலையில் இருக்கிறாள், இறக்குடா என்றேன்.

பக்கத்து வீட்டு அன்புக்கரசி உன் உயரம்தானே, அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்த்தேன். சங்கரி, இரண்டு காலும் குதிகாலோடு சேர்ந்து தரையில் பதிந்தது! பட்டறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நான் சிரித்துவிட்டேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். உன்னுடைய எத்தனை எண்கள் இருந்தாலும் எனக்கு ஒரே ஓர் எண்தான்: தரையில் இரண்டு கால்.

வேகம் வேண்டாம். ஓடையில் தண்ணீர் முட்டிக்கு மேல் போனால் இறங்காதே. ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிற பழக்கம் வேண்டாம், தலையில் போடு.

சேரன்

*

கீழ்நெல்லி,
அக்டோபர் 13

மாமா,

லாரியிலிருந்து இறக்கியதும் ஊரே கூடிவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உங்களிடம் மறைப்பானேன். ஏறி உட்கார்ந்தேன். இரண்டு காலும் முழுசாகப் பதிந்தது. உங்களைப் போலவே சிரித்தேன். மூன்று நாள் எல்லாப் பக்கமும் ஓட்டினேன்.

நேற்று ஓடையில் இறங்கினேன். தண்ணீர் கணுக்கால் அளவுதான். முன்சக்கரம் பாறை மேல் பூப்போல ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. அதற்கப்புறம் டமார் என்று ஒரு சத்தம். வண்டியின் அடிவயிறு பாறை மேல் உட்கார்ந்துவிட்டது. முன்சக்கரம் ஒரு பக்கம், பின்சக்கரம் ஒரு பக்கம், இரண்டும் சரியாகப் பிடிக்கவில்லை. நடுவில் நான், எருமை மேல் ஏறினவள் மாதிரி. இரண்டு காலும் தரையில்தான் இருந்தன, நீங்கள் ஆசைப்பட்டபடியே. ஒரு பிரயோஜனமும் இல்லை.

மேல்நெல்லி ஆட்கள் வந்து தூக்கிவிட்டார்கள். அடித்தகடு வளைந்து எஞ்சினில் முட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் ஒழுகவில்லை, நல்லவேளை. திரும்பி வந்து மணி அண்ணனோடு உட்கார்ந்து அளந்து பார்த்தேன். வண்டி சும்மா நிற்கும்போது இருக்கை 82. நான் ஏறி உட்கார்ந்தால் 76.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நீங்கள் ஏன் எதையும் கேட்கவில்லை? வனக்காவலர் வண்டியில் நான் உட்கார்ந்திருக்கும்போது அளந்தது அந்த 82. ஆள் ஏறி, ஸ்பிரிங் அமுங்கின பிறகு உள்ள அளவு. உங்கள் பாஷையில் சொன்னால் சுட்ட அளவு! கலியமூர்த்தி சொன்ன 88 பச்சை அளவு. அந்த வண்டியில் நான் ஏறி உட்கார்ந்தால் அமுங்கி 82 ஆகியிருக்கும். அது எனக்கென்றே செய்த மாதிரி இருந்த வண்டி மாமா. நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் சரியாக இருந்திருக்கும்.

இருக்கையோடு அடிவயிறும் சேர்ந்து இறங்கிவிட்டது. அடியில் இருபத்தேழு இருந்ததாம், இப்போது நான் உட்கார்ந்தால் பதினைந்து. பாறை என் கையால் ஒரு சாண், பத்தொன்பது.

நான் எண்ணுக்குப் பக்கத்தில் ‘சு’ போடவில்லை, தப்புதான். ஐந்து வருஷமாக உங்களோடு குடித்தனம் செய்கிறேன், போட்டிருக்க வேண்டும். ஆனால் உங்களுக்குமா சந்தேகம் வரவில்லை?

துர்காவுக்கு இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ. நேற்று அவளைப் பார்க்கவே முடியவில்லை. வானம் கருத்துக்கொண்டு நிற்கிறது. பழைய லிங்க் உங்களிடம்தானே இருக்கிறது? உடனே அனுப்புங்கள். உடனே.

சங்கரி

*

விருத்தாசலம்,
அக்டோபர் 16

சங்கரி,

பழைய லிங்க்கை இதோடு சணல் சாக்கில் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். எப்படி மாட்டுவது என்று தங்கதுரை சொன்னதைத் தனித் தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன். மணி அண்ணன் பார்த்தால் புரிந்துகொள்வார். வண்டியின் அடியில் கல் அடுக்கிப் பின்சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்கின பிறகுதான் போல்ட்டைக் கழற்ற வேண்டும். முன் ஃபோர்க்கில் நான் சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்டிருக்கிற இடம் வரைக்கும் கீழே இறக்கச் சொல். அதுதான் முதலில் இருந்த நிலை.

சந்தேகம் வரவில்லையா என்று கேட்டிருக்கிறாய். வந்தது.

‘உட்கார்ந்து பார்த்து அளந்தேன்’ என்று எழுதியிருந்தாய். உட்கார்ந்தபடியே அளந்தாயா, உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கி வந்து அளந்தாயா என்று எனக்குக் கேள்வி எழுந்தது. அளவோடு பிழைக்கிறவன், எழாமல் இருக்குமா? ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ ‘உட்கார்ந்தபடி’ என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். குறி இல்லாத எண் பச்சை அளவு என்கிற எங்கள் பிரிவு வழக்கம் கைக்கு வசதியாக இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். உன் கால் தரையில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர என் மண்டையில் அன்றைக்கு வேறொன்றும் ஓடவில்லை. பாறை நினைவுக்கு வரவில்லை. துர்கா நினைவுக்கு வரவில்லை. அது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கோபப்படு. ஆனால் மழைக்கு முன் லிங்க்கை மாட்டிவிடு. கிடைத்தது என்று ஒரு வரி மணி அண்ணனிடம் கொடுத்தனுப்பு.

சேரன்

*

விருத்தாசலம்,
அக்டோபர் 21

சங்கரி,

ஒரு வரி வரவில்லை.

இங்கே விடாத மழை. சேத்தியாத்தோப்பில் வெள்ளாறு இரு கரையும் தொட்டு ஓடுகிறது என்கிறார்கள். செராமிக் பேட்டையில் மின்சாரம் போய்ப் போய் வருவதால் சூளை ஏற்றவில்லை. வேலை இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் போய் நின்றுகொள்கிறேன். கள்ளக்குறிச்சியிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறிக் கண்டக்டரைக் கேட்கிறேன். மினி பஸ் மலையை விட்டு இறங்கவே இல்லையாம். உன் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அவளை எனக்குக் கண்டாலே ஆகாது, முகம் தெரியாவிட்டாலும்.

நேற்று மதியம் ஒரு கண்டக்டர் சொன்னார். “மலையில யாரோ ஒரு நர்சம்மா பைக்கோட ஓடையில வுழுந்துட்டாங்களாம். என்னா ஆச்சின்னு தெரியலீங்க. அங்க பேசிக்கிட்டாங்க.” நான் அந்த நர்சம்மாவின் புருஷன் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ‘வேற யாராச்சும் இருக்கும் சார்’ என்றார். எத்தனை நர்சம்மா அங்கே பைக் ஓட்டுகிறார்கள்?

அப்படியே பஸ் ஏறினேன். மலையடிவாரம் வரைக்கும் போனேன். மேலே மண் சரிந்து கிடக்கிறது, யாரையும் விடவில்லை. நின்றேன், கெஞ்சினேன். போலீஸ்காரர் பாவம், எனக்கு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

லிங்க் வந்து சேர்வதற்கு முன் அந்த ஓடையில் நீ இறங்கியிருந்தால் உன்னைப் பாறை மேல் உட்கார வைத்தது நான். என் கைதான். டேப் பிடித்து அளந்த கை. இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. தங்கதுரை இன்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என் பக்கத்தில் நின்றான். ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இதை எந்த பஸ்ஸில் கொடுப்பது என்று தெரியவில்லை. எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். திட்டியாவது ஒரு வரி எழுது.

சேரன்

*

கீழ்நெல்லி,
அக்டோபர் 25

மாமா,

நன்றாக இருக்கிறேன். இதை முதலில் படித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். மற்றதை மெதுவாகப் படிக்கலாம்.

ஓடையில் விழுந்த நர்சம்மா நான்தான். இன்றைக்குத்தான் பாதை திறந்து மணி அண்ணன் கீழே போய்த் திரும்பினார். ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று சொன்னார். உங்களை நினைத்து உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

லிங்க் பதினேழாம் தேதியே கிடைத்தது. மறுநாள் அண்ணன் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து என் வாசலில் கல் அடுக்கி, உங்கள் படத்தை விரித்து வைத்து மாட்டினார். சிவப்புக் கோடு வரைக்கும் இறக்கினார். வளைந்த தகட்டையும் சுத்தியலால் தட்டி நேராக்கினார். ஏறி உட்கார்ந்தேன். இடது காலின் முன்பாதி மட்டும் தரையில் பட்டது. அளந்தேன். 82. ‘கிடைத்தது’ என்று எழுதுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பஸ் நின்றது, டவரும் செத்தது.

பத்தொன்பதாம் தேதி காலையில் மேல்நெல்லியிலிருந்து ஓர் ஆள் நனைந்துகொண்டு ஓடிவந்தார். “துர்காவுக்குத் தல வெடிக்குதாம், கண்ணு மங்கலா தெரியுதாம். நர்சம்மா எங்கன்னு கேக்குது.” தலைவலி, கண் மங்கல், அடுத்தது வலிப்பு. அதற்குத்தான் நான் இத்தனை நாளும் பயந்தது. அவரிடம் ஆட்களைச் சேர்த்துக் கட்டில் தயார் செய்யச் சொன்னேன். பஞ்சாயத்து ஆபீஸ் வயர்லெஸ்ஸில் ஆம்புலன்ஸ் கேட்டார்கள். சரிவுக்கு மேல் பக்கம் ஆஸ்பத்திரி ஒன்றில் நின்ற வண்டி, கீழ்நெல்லி வரைக்கும் வர முடியும் என்றது. மீதி நான்தான்.

ஓடையில் தண்ணீர் முட்டிக்கு மேல் போனால் இறங்காதே என்று எழுதியிருந்தீர்கள். முட்டிக்குச் சரியாக இருந்தது. கொஞ்சம் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாறை கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கே இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். முன்சக்கரம் ஏறியது. அந்த டமார் சத்தத்துக்காக உடம்பு முழுக்கக் காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பாறை என் காலுக்கு அடியில் போய்க்கொண்டே இருந்தது, போய்விட்டது.

விழுந்தது அதற்கப்புறம், அந்தக் கரைச் சேற்றில். வண்டி என் பக்கம் சாய்ந்தது, ஊன்றக் கால் எட்டவில்லை. அதை மறைக்க மாட்டேன். தண்ணீரில் பாதி, சேற்றில் பாதி. சுற்றிலும் ஒருத்தர் இல்லை. முதுகைக் கொடுத்துக் குந்தினேன். முதல் தடவை சறுக்கியது. இரண்டாவது தடவை எழுந்தது. அந்த நூற்றுப் பதினெட்டு கிலோவை நீங்கள் எப்படித் திட்டினீர்கள்! இன்னும் இருபது கிலோ கூட இருந்திருந்தால் நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பேன்.

அவள் வாசலில் நிற்கவில்லை. உள்ளே சுருண்டு கிடந்தாள். நூற்றெண்பதுக்கு நூற்றுப் பத்து. ஊசி போட்டேன். கண்ணைத் திறக்காமலே, “வண்டி சத்தம் கேட்டுது, நீதான்னு தெரிஞ்சிக்கிட்டேன்” என்றாள். வா என்றேன். சரி என்று ஒரே வார்த்தையில் கிளம்பிவிட்டாள். எட்டுப் பேர் கட்டிலில் தூக்கி ஓடையைக் கடந்தார்கள். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். என் வண்டி மேல்நெல்லியிலேயே நின்றது.

பெண் குழந்தை. எடை குறைவு, ஆனால் நன்றாக அழுகிறது. துர்காவுக்குப் பிபி இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கஞ்சி நன்றாக இல்லை என்று குறை சொல்கிறாளாம். அந்த அளவுக்குத் தேறிவிட்டாள்.

சந்தேகம் வந்தும் கேட்கவில்லை என்று நீங்கள் எழுதினதற்கு நான் கோபப்பட வேண்டும். வாசித்தபோது பட்டேன். லிங்க் மட்டும் இரண்டு நாள் தள்ளி வந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் படுகிறேன். ஆனால் பஸ் ஸ்டாண்டில் நீங்கள் நின்ற கோலத்தைக் கண்டக்டரிடம் கேட்டு வந்து மணி அண்ணன் சொன்னார். எனக்காக இப்படிப் பயப்பட ஓர் ஆள் இருக்கிறது என்பது சந்தோஷமாகவும் இருக்கிறது, என்ன செய்ய. பயப்படுங்கள் மாமா. என்னைக் கேட்காமல் வண்டியில் கை வைக்காதீர்கள்.

சங்கரி

*

விருத்தாசலம்,
நவம்பர் 4

சங்கரிக்கு,

உன் கடிதத்தின் முதல் வரியைப் பஸ் ஸ்டாண்டிலேயே படித்தேன். நீ சொன்னபடி உட்கார்ந்தேன், பிளாட்பாரத்தில். தங்கதுரைதான் எழுப்பிக் கூட்டிவந்தான். அந்தச் சட்டைப் பைக் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டுச் சிரிக்காதே.

‘கொஞ்சம் மேல்’ என்றால் எவ்வளவு மேல்? வேண்டாம், சொல்லாதே.

கருவேப்பிலங்குறிச்சி இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார்களாம். நான் போய் விசாரிக்கவில்லை, காதில் விழுந்தது. நல்லதாகப் போயிற்று என்று எழுத இன்னும் எனக்கு மனசு வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

வண்டியில் கை வைக்க மாட்டேன். ஆனால் உன் கால் எட்டவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய், அதைப் படித்துவிட்டு நான் எப்படிச் சும்மா இருப்பது? சூளை மறுபடி ஏற்றினார்கள். முதலாளியிடம் கேட்டு, கெட்டி மண்ணில் ஒரு படி அடித்து, சூளை வண்டியின் மூலையில் வைத்துச் சுட்டு எடுத்திருக்கிறேன். நீ வாசலில் அதன் மேல் நின்று வண்டியில் ஏறலாம், இறங்கலாம். வண்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரமாகவே இருக்கட்டும். பச்சையில் இருபத்திரண்டரை வைத்தேன். சுட்ட பிறகு இருபது. மேலே சொரசொரப்பாக விட்டிருக்கிறேன், ஈரத்தில் வழுக்காது.

கனமாக இருக்கிறது. யாரையும் நம்பிக் கொடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவருகிறேன்.

சேரன்

*

கீழ்நெல்லி,
நவம்பர் 15

மாமா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? நீங்கள் பின்னால் உட்கார்ந்து பிடித்த பிடியில் என் தோள் இன்னும் வலிக்கிறது. உங்களையும் சேர்த்து ஏற்றினால் வண்டி எவ்வளவு அமுங்கும் என்று நான்தான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். பாறையில் உரசியதும் நீங்களாகவே இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்ததை மேல்நெல்லியில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் மட்டும் கரை ஏறித் திரும்பிப் பார்த்தேன். ஓடை நடுவில் நின்று, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பாறையையே முறைத்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துர்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். நேற்றுப் போய்க் குழந்தையை எடை போட்டேன், கூடியிருக்கிறது. கிளம்பும்போது வண்டியில் ஏற முடியாமல் நான் அவள் வாசலில் ஒற்றைக் காலில் தத்திக்கொண்டு நின்றேன். பார்த்துக்கொண்டே இருந்தவள் கேட்டாள்: “ஒன் வூட்டுக்காரரு ஒன் வாசலுக்கு மட்டுந்தான் படி செய்வாரா? நீ வந்து எறங்குறது எங்க வூட்டுலதான?”

உங்களைக் கேட்டு எழுதுகிறேன் என்றேன்.

எனக்கு ஒன்பது குக்கிராமம் மாமா. அவசரம் இல்லை, சூளையில் மூலை காலியாக இருக்கும்போது ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். முதலில் துர்கா வாசலுக்கு. அங்கே தரை பள்ளம், அதனால் உயரம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். இந்தத் தடவை நன்றாகப் பார்த்துப் படியுங்கள்:

25 சு.

சங்கரி